ஏழு வருட அரியர்ஸ்

ஹூஸ்டன் மாநகராட்சியின் மாமன்றத்தில் செவ்வாய்க்கிழமை பிற்பகல் யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். முன்கூட்டியே பெயர் கொடுத்திருந்தால் போதும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மிஞ்சிப்போனால் மூன்று நிமிடம். எதிரே வளைந்த மேசையில் பதினாறு கவுன்சிலர்கள், நடுவில் மேயர். சிலர் கேட்கிறார்கள், சிலர் போனைப் பார்க்கிறார்கள், ஒருவர் எழுந்து போய்க் காபியோடு திரும்புகிறார். நம் ஊர் மாமன்றக் கூட்டத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வெளிநடப்பு இல்லை, அவ்வளவுதான்.

என்னை அழைத்துப் போனவன் சித்தி மகன். ஹூஸ்டனுக்குக் குடிவந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. டீர் பார்க் பக்கம் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் எஞ்சினியர். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

"ஊர் பாக்க வர்றவங்க நாசாவுக்குப் போகணும்பாங்க, பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போகணும்பாங்க. நீங்கதாண்ணே முனிசிபாலிட்டி ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போன்னு கேட்ட முதல் ஆளு" என்றான். அவனும் அந்தக் கட்டடத்துக்குள் நுழைவது அதுதான் முதல் தடவை.

1939இல் கட்டிய சுண்ணாம்புக்கல் கட்டடம். எதிரே ஹெர்மன் சதுக்கமும் நீளமான நீர்த்தடாகமும். கூடம் இருப்பது இரண்டாம் மாடி என்று பலகை சொல்கிறது. அமெரிக்கர்கள் தரைத்தளத்தையே ஒன்று என்று எண்ணுவதால் நம் கணக்கில் அது முதல் மாடி. 2025 கோடையின் தொடக்கம், ஜூலையில் பிறக்கும் நிதியாண்டுக்கான பட்ஜெட் பேச்சு ஓடிக்கொண்டிருந்த சமயம்.

நான் பார்க்க வந்தது ஒரு சம்பளத் தகராறின் மிச்சத்தை. ஹூஸ்டன் தீயணைப்புப் படையினருக்கும் மாநகராட்சிக்கும் 2017இல் தொடங்கி 2024 வரை நடந்த சண்டை அது. மூன்று மட்டத்து நீதிமன்றங்களும் ஒரு பொது வாக்கெடுப்பும் இரண்டு மேயர்களும் அதில் உண்டு. முடிவில் மாநகராட்சி 65 கோடி டாலர் அரியர்ஸ் கொடுக்க ஒப்புக்கொண்டது. அரியர்ஸுக்காகக் காத்திருந்த அரசு ஊழியர் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார். 65 கோடி டாலர் அரியர்ஸ் எப்படிச் சேரும் என்பதுதான் என் கேள்வி.

அன்று மைக் முன் வந்தவர்களில் தீயணைப்பைப் பற்றிப் பேசியவர் ஒருவரும் இல்லை. இரண்டு வாரமாகக் குப்பை எடுக்கவில்லை என்றார் ஒரு மூதாட்டி. தெரு ஓரத்து வடிகால் தூர்ந்து போய், சின்ன மழைக்கே வாசலில் தண்ணீர் நிற்கிறது என்றார் இன்னொருவர். தெருநாய்களைப் பற்றி ஒருவர் மூச்சுவிடாமல் பேசினார். மேயரின் பதில் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: துறை அதிகாரி பின்வரிசையில் இருக்கிறார், போய்ப் பேசுங்கள்.

குப்பைக்கும் தீயணைப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். டெக்சாஸின் பெரிய நகரங்களில் குப்பை அள்ளத் தனிக் கட்டணம் வாங்காதது ஹூஸ்டன் மட்டுமே. அந்தச் செலவும் பொது நிதியிலிருந்து போகிறது. அந்தப் பொது நிதி ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டாலர். அதில் பாதிக்கும் மேல் காவல்துறைக்கும் தீயணைப்புக்கும் போய்விடுகிறது. எஞ்சியதில்தான் குப்பை லாரி, நூலகம், பூங்கா, நாய் பிடிக்கிற வண்டி எல்லாம். மூதாட்டிக்கு அந்தக் கணக்கு தெரியுமோ தெரியாதோ, அவர் வீட்டு வாசலில் அது நாறிக்கொண்டிருந்தது.

அந்த நிதிக்கு ஒரு பூட்டும் உண்டு. 2004இல் ஹூஸ்டன் மக்கள் வாக்களித்து, மாநகராட்சியின் சொத்து வரி வருவாய் வருடத்துக்கு இவ்வளவுக்கு மேல் கூடக் கூடாது என்று சாசனத்திலேயே எழுதிவைத்தார்கள். விலைவாசியும் மக்கள்தொகையும் எவ்வளவு ஏறுகின்றனவோ அந்த அளவு, அல்லது நாலரை சதவீதம். இரண்டில் எது குறைவோ அது. 2006இல் மறுபடி வாக்கெடுப்பு நடத்தி, காவலுக்கும் தீயணைப்புக்கும் என்று ஒன்பது கோடி டாலர் அளவுக்குப் பூட்டைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். முதல் பத்து வருடம் யாருக்கும் அது உறைக்கவில்லை. 2014இல் வருவாய் வரம்பைத் தொட்டது. அதன்பின் வீட்டு விலைகள் ஏற ஏற, வரி விகிதத்தைக் குறைத்துக்கொண்டே வரவேண்டியதாயிற்று. ஒவ்வொரு நூறு டாலர் மதிப்புக்கும் 63.875 சென்ட்டாக இருந்த வரி 2023இல் 51.919 சென்ட்.

இந்தப் பின்னணியில் 2017 ஜூன் மாதக் கடைசியில் தீயணைப்புப் படையினரின் ஊதிய ஒப்பந்தம் காலாவதியானது. மாநகராட்சி மூன்று வருடத்துக்கு 9.5 சதவீத உயர்வு தருவதாகச் சொன்னது. யூனியன் மறுத்து வழக்குப் போட்டது. அதே வருடம் ஓய்வூதியச் சீர்திருத்தமும் வந்தது. மாநகராட்சியின் மூன்று ஓய்வூதிய நிதிகளுக்கும் சேர்த்து 820 கோடி டாலர் பற்றாக்குறை. மூன்றில் நல்ல நிலையில் இருந்தது தீயணைப்பாளர்களுடைய நிதிதான், ஆனால் வெட்டு அதற்கும் விழுந்தது. நிதியை ஒழுங்காக வைத்திருந்ததற்குக் கிடைத்த பரிசு இதுவா என்ற கசப்பு அங்கே தொடங்குகிறது. அந்த ஆகஸ்டில் ஹார்வி புயல். கழுத்தளவு தண்ணீரில் படகோட்டிப் போய் ஜனங்களைக் கூரைகளிலிருந்து இறக்கியவர்களுக்கு அப்போது ஊதிய ஒப்பந்தமே இல்லை.

அதற்கு அடுத்து அவர்கள் செய்தது கெட்டிக்காரத்தனம். டெக்சாஸில் அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்யச் சட்டம் இடம் தராது. அதனால் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கி விஷயத்தை மக்களின் வாக்குச்சீட்டுக்கே கொண்டுபோனார்கள். 2018 நவம்பரில் 'புரோபசிஷன் பி'. கேள்வி ஒரே வரி: அதே பதவி, அதே பணிக்காலம் உள்ள காவலருக்கு என்ன சம்பளமோ அதுவே தீயணைப்பாளருக்கும் தரவேண்டுமா? 59 சதவீதம் பேர் ஆம் என்றார்கள்.

அந்தச் சீட்டில் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி கிடையாது.

அப்போதைய மேயர் சில்வெஸ்டர் டர்னர் தொடக்கத்திலிருந்தே எதிர்த்தார். வருடத்துக்குச் சுமார் பத்துக் கோடி டாலர் ஆகும், வரிக்குப் பூட்டு போட்டுவிட்டுச் சம்பளத்தை ஏற்றச் சொன்னால் ஆள்குறைப்பு ஒன்றுதான் வழி என்று தேர்தலுக்கு முன்பே சொன்னார். கணக்குப்படி அவர் சொன்னதில் பிழை காண்பது கடினம். கலிபோர்னியாவின் வலேஹோ நகரம் பொது நிதியில் முக்கால் பங்கைக் காவல், தீயணைப்பு ஒப்பந்தங்களுக்குக் கொடுத்துவிட்டு 2008இல் திவால் மனு போட்டது எல்லா மேயர்களுக்கும் நினைவிருக்கும். ஆனால் வாக்கெடுப்பு முடிந்த கையோடு முதல் வழக்கைப் போட்டது காவலர்களின் யூனியன். மாநகராட்சியும் அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டது. மூத்த மருமகளுக்குக் காப்பு எடுத்தது தெரிந்து இளையவள் கேட்டால், முதலில் முகம் சுளிப்பது மாமியாராக இருக்காது.

2019 ஏப்ரலில் 220 தீயணைப்பாளர்களை வேலையிலிருந்து நீக்க மாமன்றம் ஒப்புதல் தந்தது. இதோ இதே கூடத்தில், இதே மைக் முன்னால். மே மாதம் கீழமை நீதிமன்றம் புரோபசிஷன் பி செல்லாது என்றது, ஆள்குறைப்பு கைவிடப்பட்டது. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. அதே ஆண்டு மேயர், கோவிட் நிவாரணமாக மத்திய அரசு கொடுத்த பணத்திலிருந்து மூன்று வருடத்துக்கு 18 சதவீத உயர்வைத் தானாகவே அறிவித்தார். பேச்சுவார்த்தை இல்லாமல் கொடுத்த உயர்வு என்பதால் யூனியன் அதற்கும் சமாதானம் ஆகவில்லை.

"இவ்வளவு நடந்ததா? நான் ஒரு ஓட்டு போட்டேன், அதோட மறந்துட்டேன்" என்றான் தம்பி.

"எதுக்குப் போட்ட?"

"பின்ன? தீயணைப்புக்காரனுக்கு வேணாம்னா போடுவாங்க?"

சிட்டி ஹாலிலிருந்து கிளம்பி மைலம் தெரு 2403ஆம் எண்ணுக்குப் போனோம். 1899இல் கட்டிய ஏழாம் எண் நிலையம், இப்போது தீயணைப்பு அருங்காட்சியகம். குதிரை பூட்டிய நாளின் வண்டி, பித்தளை மணி, குழந்தைகள் போட்டுப் பார்க்கத் தலைக்கவசம் என்று வழக்கமான சமாசாரங்கள்தான். எனக்குப் பிடித்தது இரண்டு வருடங்கள். ஹூஸ்டனில் முதல் தீயணைப்புக் குழு கூடியது 1838. சம்பளம் வாங்கும் படை அமைந்தது 1895. நடுவில் 57 வருடம் தன்னார்வலர்கள்தான் அணைத்திருக்கிறார்கள். நகரம் ஆடம்பரத்துக்காகச் சம்பளப் படை வைக்கவில்லை. ஓய்ந்த நேரத்தில் வந்து அணைக்கிற ஆட்களை நம்பி இருக்கும் அளவைத் தாண்டி ஊர் வளர்ந்துவிட்டது.

இன்று அந்தப் படையில் நான்காயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான பேர், தொண்ணூற்றுச் சொச்சம் நிலையங்கள். மேற்குப் பக்கம் ஒரு நிலையத்தில் தம்பியின் பக்கத்து வீட்டுக்காரர் வேலை பார்க்கிறார். அவர் சொல்லிவைத்ததால் உள்ளே விட்டார்கள். கதவு தூக்கியிருந்தது. ஒரு எஞ்சின், ஒரு ஏணி வண்டி, ஓரமாக ஒரு ஆம்புலன்ஸ். சுவரோரம் கொக்கிகளில் பாதுகாப்பு உடைகள். கால்சட்டையை பூட்ஸோடு சேர்த்தே மடக்கி வைத்திருக்கிறார்கள், காலை விட்டு இழுத்தால் போதும்படி. புகை வாடை துணியிலிருந்து போவதே இல்லையாம். அந்த வாடை உடம்புக்கு நல்லதில்லை என்று இப்போது எல்லாருக்கும் தெரியும், தனி அறையில் துவைக்கிறார்கள்.

சமையலறையில் நாலு பேர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுச் செலவு அவரவர் பை. ஷிஃப்டுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, எஞ்சினிலேயே மளிகைக் கடைக்குப் போய் வாங்கி வருகிறார்கள், நடுவில் அழைப்பு வந்தால் கூடையை அப்படியே விட்டுவிட்டு ஓடவேண்டும். ஷிஃப்ட் என்பது இருபத்துநாலு மணி நேரம். ஏ, பி, சி, டி என்று நாலு அணி.

நான் நின்றிருந்த நேரத்தில் மணி அடித்தது. நெஞ்சுவலி என்று ஒரு அழைப்பு. ஆம்புலன்ஸ் போனது, அதன் பின்னாலேயே எஞ்சினும் போனது.

"நெருப்பு எங்கே?" என்றேன்.

அங்கிருந்த கேப்டன் சிரித்தார். நரைத்த மீசை, முப்பது வருடம் சர்வீஸ் என்று பிறகு தெரிந்தது. "அழைப்புகளில் பத்தில் எட்டுக்கு மேல் மருத்துவம்தான் சார். பெயர்தான் தீயணைப்பு." டெக்சாஸ்காரர்கள் வாய்க்கு வாய் 'சார்' போடுகிறார்கள், அந்த விஷயத்தில் நம்மை மிஞ்சிவிடுவார்கள்.

சம்பளத்தை எதிர்ப்பவர்களின் வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. தீ குறைந்துவிட்டது, நெஞ்சுவலிக்கு நாலு பேரும் பல டன் எடையுள்ள எஞ்சினும் எதற்கு? ஆம்புலன்ஸைப் பெருக்கி எஞ்சினைக் குறைத்தால் அதே பணத்தில் நல்ல சம்பளம் கொடுக்கலாமே? கேப்டனிடம் கேட்டேன். கோபப்படவில்லை. ஆம்புலன்ஸ் எல்லாம் வெளியே போயிருக்கும்போது முதலில் போய்ச் சேர்வது எஞ்சின்தான், அதிலும் மருத்துவப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள் என்றார். பிறகு, "மாற்றலாம்தான். ஆனால் ஏழு வருடம் பேசவே உட்காராதவர்களோடு எதை மாற்றுவது?" என்றார். முதல் பாதியைவிட இரண்டாம் பாதிதான் எனக்கு முக்கியமாகத் தோன்றியது. ஒப்பந்தம் இருக்கும்போது வேலைமுறை, ஷிஃப்ட், ஆள் எண்ணிக்கை எல்லாம் பேச்சுவார்த்தைக்கு வரும். சம்பளத்துக்கே நீதிமன்றம் என்றான பிறகு அவற்றைப் பற்றிப் பேச யாரும் எதிரெதிரே உட்காரவில்லை. சிக்கனம் பேசியவர்களே சிக்கனத்துக்கான வழியையும் அடைத்துக்கொண்டார்கள்.

அந்த வருடங்களில் பயிற்சிக்குச் சேர்ந்தவருக்கு ஆண்டுக்குச் சுமார் 28 ஆயிரம் டாலர். பயிற்சி முடித்து சான்றிதழ் வாங்கியதும் பக்கத்து ஊர்ப் படைக்குப் போய்விடுவார்கள் என்றார் இன்னொருவர். இளைஞர், கையில் தக்காளியோடு நின்றிருந்தார். "நாங்கள் பயிற்சி கொடுக்கிறோம், அவர்கள் ஆளை எடுத்துக்கொள்கிறார்கள்." ஆள் குறைந்தால் இருப்பவர்களுக்கு ஓவர்டைம். ஓவர்டைம் பட்ஜெட்டை மீறினால் சில வண்டிகளைச் சில நாள் நிறுத்திவைப்பது. 2014இல் ஹூஸ்டன் அப்படி வண்டிகளை நிறுத்தியது. அதற்கு அங்கே 'பிரவுன்அவுட்' என்று பெயர். சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் எந்த வாசல் வழியாக வெளியே போனது என்று எந்த மாமன்றமும் தனித் தாளில் எழுதிக் காட்டுவதில்லை.

கேப்டன் என்னிடம் திருப்பிக் கேட்டார், எங்கள் ஊரில் எப்படி என்று. தமிழ்நாட்டில் தீயணைப்பு மாநில அரசின் துறை, மாநகராட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சம்பளத்தை ஊதியக் குழு பார்த்து அரசு முடிவு செய்யும் என்றேன்.

"எத்தனை வருடத்துக்கு ஒரு முறை?"

"ஏறக்குறைய பத்து."

"அப்படியானால் எங்கள் ஏழு பரவாயில்லை" என்று வெங்காயத்துக்குத் திரும்பினார்.

தென்மேற்கு நெடுஞ்சாலையும் ஹில்க்ராஃப்டும் சந்திக்கும் வட்டாரத்துக்கு 2010இல் மகாத்மா காந்தி மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். புடவைக் கடை, நகைக் கடை, தோசைக் கடை. தம்பி மாதம் ஒரு தடவை முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்க வருகிற இடம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு விடுதி இருந்தது. அதை ஒட்டி ஓர் இந்தியச் சைவ உணவகம். 2013 மே 31, வெள்ளிக்கிழமை மதியம் அந்த உணவகத்தில் புகை கிளம்பியது. உள்ளே இன்னும் ஆட்கள் இருக்கலாம் என்று முதல் அணிகள் நுழைந்தன. அவர்கள் வந்து கால் மணி நேரத்துக்குள் கூரை இடிந்து விழுந்தது. நாலு பேர் இறந்தார்கள், மூன்று ஆண்கள், ஒரு பெண். அவர்களில் ஒருவர் பயிற்சி முடித்துச் சேர்ந்து சில வாரங்களே ஆனவர். படுகாயம் அடைந்த ஒரு கேப்டன் 2017இல் இறந்தார். ஹூஸ்டன் தீயணைப்புப் படையின் வரலாற்றில் ஒரே நாளில் அத்தனை பேரை இழந்தது வேறில்லை. விசாரணை அறிக்கைகளில் வானொலித் தொடர்பின் கோளாறும் இடம்பெற்றது. அப்போதுதான் புது டிஜிட்டல் ரேடியோக்களுக்கு மாறியிருந்தார்கள்.

"அன்னிக்கு நான் இங்க சாப்பிட வர்றதா இருந்தேன்" என்று தம்பி சொல்லவில்லை. அப்படி எழுதினால் நன்றாக இருந்திருக்கும். அவன் சொன்னது, "டிராபிக் ஜாம்ல மாட்டிக்கிட்டு திட்டிக்கிட்டே போனேன், எதுக்குன்னு நைட்டு டிவில பாத்துதான் தெரிஞ்சது" என்பது.

இந்த விபத்தை வைத்துச் சம்பளத்தை வாதாடுவது எனக்கு முழுக்க உடன்பாடில்லை. நாலு பேர் இறந்ததற்கும் ஒன்பதரை சதவீதமா இருபதா என்பதற்கும் நேர்க்கோடு கிடையாது. உயிருக்கு விலை பேசத் தொடங்கினால் எந்தத் தொகையும் குறைவுதான், பிறகு பட்ஜெட் என்ற ஒன்றே தேவையில்லை. ஆனால் ஒரு வேலையின் அபாயத்தைச் சம்பளத்தில் எப்படிச் சேர்ப்பது என்ற கேள்விக்கு டெக்சாஸ் சட்டம் ஒரு விடை வைத்திருக்கிறது, அது விசித்திரமான விடை. 1973இல் வந்த சட்டம். வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட நகரங்களில் அது நடைமுறைக்கு வரும், ஹூஸ்டன் 2003இல் ஏற்றது. அதன்படி தீயணைப்பாளரின் சம்பளம் தனியார் துறையில் அதையொத்த வேலைக்குக் கிடைப்பதற்கு ஈடாக இருக்கவேண்டும்.

தனியார் துறையில் இதையொத்த வேலை எங்கே இருக்கிறது? சென்னையிலோ மதுரையிலோ இப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். ஹூஸ்டனில் அதற்கும் ஓரளவு பதில் உண்டு, அது தம்பி வேலை பார்க்கும் பக்கம். கப்பல் கால்வாயின் இரு கரையிலும் சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயன ஆலைகளும் மைல்கணக்கில் நிற்கின்றன. அவை தமக்குள் கூட்டுத் தீயணைப்பு ஏற்பாடு வைத்திருக்கின்றன. 2019 மார்ச்சில் டீர் பார்க்கில் ரசாயனத் தொட்டிகள் நாள்கணக்கில் எரிந்து ஹூஸ்டன் வானம் கருத்துக் கிடந்தது. வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று அறிவித்த தீ அது. அதற்கு அடுத்த மாதம்தான் மாமன்றம் 220 பேரை நீக்க ஒப்புதல் தந்தது.

"எங்க பிளாண்ட்ல ஃபயர் டீம்ல இருக்கறவங்க பாதிப் பேர் ஆபரேட்டருங்கண்ணே. மத்த நேரம் வால்வு திருப்புவாங்க. இவங்கள அவங்களோட எப்படி ஒப்பிடுவாங்க?" என்றான்.

2023 மார்ச் 31ஆம் தேதி டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இரண்டு தரப்பும் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ள இடம் கொடுத்தது. காவலருக்கு நிகரான சம்பளம் என்கிற புரோபசிஷன் பி செல்லாது, ஏனென்றால் மாநிலச் சட்டம் ஒப்பிடச் சொல்வது தனியார் துறையோடு, காவல்துறையோடு அல்ல. ஐந்தே முக்கால் வருடம் முன்பு போட்ட மூல வழக்கு மட்டும் செல்லும், பேச்சுவார்த்தை முறிந்தால் நீதிபதியே நியாயமான சம்பளத்தை நிர்ணயிக்கலாம். மக்கள் போட்ட ஓட்டு குப்பைக்குப் போயிற்று. யூனியன் முதலில் நம்பியிருந்த வழி பிழைத்தது. சம்பளத்தை மாமன்றம் தீர்மானிக்கிறதா, நீதிபதி தீர்மானிக்கிறாரா என்கிற நிலைமைக்கு வந்தபிறகு மாநகராட்சியின் வக்கீல்களுக்கு வியர்த்திருக்கும்.

அந்த டிசம்பரில் மேயர் தேர்தலின் இறுதிச் சுற்று. ஐம்பது வருடம் மாநிலச் சட்டமன்றத்தில் இருந்த ஜான் விட்மயர் ஜெயித்தார். தீயணைப்பாளர் யூனியன் ஆதரித்த வேட்பாளர் அவர்தான். 2024 ஜனவரியில் பதவியேற்றார், மார்ச்சில் சமரசத்தை அறிவித்தார், ஜூனில் மாமன்றம் ஒப்புதல் தந்தது. 2017 முதலான அரியர்ஸ் 65 கோடி டாலர். இனி ஐந்து வருடத்துக்கு உயர்வு: முதல் வருடம் 10 சதவீதம், மொத்தம் அதிகபட்சம் 34. பின்வருடங்களின் உயர்வில் ஒரு பகுதி மாநகராட்சிக்குப் புது வருவாய் கிடைப்பதைப் பொறுத்தது.

யூனியன் ஆதரித்தவரே மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பேசினார் என்ற விமர்சனத்தைத் தள்ளிவிட முடியாது. தள்ளுபடி கேட்டுப் பேரம் பேசவேண்டியவர் பேசினாரா என்று வரி கட்டுகிறவன் கேட்கத்தான் செய்வான். ஆனால் மறுபக்கம் நின்ற ஏழு வருடப் பிடிவாதம் மிச்சம் பிடித்தது என்ன என்று பார்த்தால் எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. 2018இல் வருடத்துக்குப் பத்துக் கோடி டாலர் முடியாது என்றார்கள். தள்ளிப்போட்டதில் 65 கோடி நிலுவை ஒரே சீட்டில் வந்து நின்றது. அதைக் கையிருப்பிலிருந்து கொடுக்க வழியில்லாமல் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். வட்டியோடு அது நூறு கோடியைத் தாண்டும். 2017இல் எஞ்சின் பின்னால் உட்கார்ந்து போனவரின் சம்பளத்தை, அப்போது பிறந்த குழந்தை வேலைக்குப் போய்க் கட்டப்போகிறது. மாநகராட்சி தன் தீயணைப்பாளர்களிடமே ஏழு வருடம் கைமாற்று வாங்கியது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். அது இந்த வருடப் பட்ஜெட்டில் கடனாகத் தெரியாது என்பதுதான் அதிலுள்ள கவர்ச்சி.

2025 மே மாதம் காவலர்களுக்குப் புது ஒப்பந்தம் வந்தது: ஐந்து வருடத்தில் 36.5 சதவீதம், 83.2 கோடி டாலர். 34க்கு எதிரே 36.5. அதே பருவத்தில் ஓய்வுபெறும் தகுதியுள்ள சிவில் ஊழியர்களுக்கு, தாமாக விலகினால் தொகை தருவதாக மாநகராட்சி சொன்னது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஏற்றுக்கொண்டார்கள். காவலர்களுக்கும் தீயணைப்பாளர்களுக்கும் அந்தத் திட்டம் கிடையாது. இறுக்கமான பட்ஜெட் என்று எல்லாரும் சொல்கிறோம், ஆனால் இறுக்கம் எல்லாத் துறையிலும் ஒரே அளவு இல்லை. செவ்வாய்க்கிழமை மைக் முன் நின்ற மூதாட்டியின் குப்பையை அள்ளுகிறவருக்காகக் கையெழுத்து வாங்க யாரும் தெருத்தெருவாகப் போகப்போவதில்லை.

இரவு தம்பி வீட்டில் சாப்பிட்டபின் அவனுடைய சொத்து வரி ரசீதை எடுத்து வரச் சொன்னேன். பள்ளி மாவட்டம், கவுண்டி, கல்லூரி மாவட்டம் என்று வரிசையாக இருக்க, மாநகராட்சி ஒரு வரி. மூன்று லட்சம் டாலர் வீடு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். குடியிருக்கும் வீட்டுக்கு 20 சதவீதம் கழிவு போக 2,40,000. அதற்கு 51.919 சென்ட் விகிதத்தில் 1,246 டாலர். பழைய 63.875 சென்ட் விகிதமே நீடித்திருந்தால் 287 டாலர் கூட வந்திருக்கும், மாதத்துக்கு இருபத்துநாலு. விகிதம் குறைந்தாலும் வீட்டின் மதிப்பு ஏறியதால் அவன் கட்டும் தொகை வருடாவருடம் கூடியே வந்திருக்கிறது, அதனால் பூட்டு தனக்கு உதவியதாக அவனுக்குத் தோன்றவே இல்லை.

"2018ல சம்பளத்துக்கு ஆம்னு போட்ட. 2004ல போட்ட பூட்டை எடுத்துடலாமான்னு அடுத்த வருஷம் ஓட்டுக்கு வெச்சா?" என்றேன்.

"தீயணைப்புக்காரங்களுக்கு மட்டும்னு எழுதிக் குடுத்தா போடுவேண்ணே."

"2006ல அப்படித்தான் எழுதினாங்க. காவலுக்கும் தீயணைப்புக்கும் மட்டும்னு."

அவன் ரசீதை மடித்தான். "அப்ப பொதுவாக் கேட்டாங்கன்னா வேணாம்னுதான் போடுவேன்" என்றான்.